ஏணி பிடித்தவள்

எங்கள் மலையில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி ஒரே கதையைத்தான் சொல்வார்கள். கூடப் பிறக்காத குறையாகப் பழகிய சிநேகிதியை மிளகு ஏணியிலிருந்து கீழே விட்டவள் என்பார்கள். அதற்கு மேல் அவளைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. விழுந்த சிநேகிதி நான்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பெயரை மட்டும் எழுதமாட்டேன். பெயரைச் சொன்னால் போதும், "ஓ, அவளா?" என்று அந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் சொல்வது காதில் ஏறாது.

ஆள் ஒல்லி. உள்ளங்கை மட்டும் ஆம்பிளைக் கை மாதிரி அகலமாக, மூங்கில் பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போயிருக்கும். தலையில் எந்நேரமும் ஒரு துண்டு. பச்சை மிளகில் நாலு மணியை உருவி வாயில் போட்டு, ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுதான் வேலை செய்வாள். உறைக்கவில்லையா என்று கேட்டால், "உறைக்குது" என்பாள். அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில் உண்டு, கேட்காததற்குக் கிடையாது. நான் நேர் எதிர். ஒன்று கேட்டால் ஒன்பது பேசுவேன். கோபம் வந்துவிட்டால் வாயில் என்ன வருகிறது என்று எனக்கே தெரியாது.

"ஆவட்டும்." இதுதான் என்னிடம் அவள் அதிகம் சொன்ன சொல். சோளக்காட்டுச் சந்தைக்குப் போகலாமா என்றால் ஆவட்டும். என் பங்கு விறகையும் நீயே சுமந்துகொண்டு வா என்றாலும் ஆவட்டும். ஏன், எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மற்றவர்கள் ஏதாவது சொன்னால் தலையைச் சொறிவாள், யோசிப்பாள், முடியாது என்றுகூட முகத்துக்கு நேரே சொல்வாள். என்னிடம் மட்டும்தான் இப்படி. ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் அவள் வாசலில் அழுதுகொண்டு நின்றபோது, நான் கையைப் பிடித்து இழுத்துப்போய் என் பக்கத்தில் உட்கார வைத்தேனாம். அவள் சொல்லித்தான் தெரியும். எனக்கு ஞாபகமில்லை.

ஆறாவது படிக்கும்போது கோயில் நோம்பிக்கு அம்மா எனக்கு ஒரு பச்சைப் பாவாடை எடுத்து வந்தாள். நான் கேட்டதோ அரக்குக் கலர். ஆத்திரத்தில் அதைச் சுருட்டி சிநேகிதி கையில் கொடுத்து, "இதக் கொண்டுபோயி ஓடையில வீசிட்டு வாடி" என்றேன். வீசிவிட்டே வந்துவிட்டாள்! "அடியே, கோவத்துல சொன்னா வீசிருவயா?" என்று அழுதேன். "நீ சொன்ன" என்றாள். அம்மா கேட்டால் காற்றில் போய்விட்டது என்று சொல்லச் சொல்லி நானே கற்றுக்கொடுத்தேன். அம்மா நம்பவில்லை. விளக்குமாற்றை எடுத்து அவளை நாலு போடு போட்டாள். ஒவ்வொரு அடிக்கும் "காத்துல போயிருச்சுங்க, காத்துல போயிருச்சுங்க" என்றாளே தவிர, என் பெயரை இழுக்கவில்லை. வெகுநாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அடுத்ததைச் சொல்லும்போது சிரிப்பு வராது. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள். அவள் கணக்கில் புலி. நான் புலியைக் கண்ட ஆடு. விளையாட்டுக்குத்தான் சொன்னேன்: "நீ மட்டும் பாஸாயி நான் பெயிலாயிட்டேன்னு வை, அப்புறம் என்ற மூஞ்சியிலயே முழிக்காத." வழக்கம்போல ஆவட்டும் என்றாள். ரிசல்ட் வந்தது. இரண்டு பேரும் கணக்கில் பெயில். டீச்சர் நம்ப முடியாமல் மூன்று தரம் நம்பரைச் சரிபார்த்தார்.

"என்னடி எழுதுன?" என்று அவளைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டேன்.

"பேரும் நம்பரும் எழுதுனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் எழுதல."

இவளிடம் இனிமேல் பார்த்துப் பேச வேண்டும் என்று அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்ததா? சந்தோஷம்தான் வந்தது, பெயிலானதற்குத் துணைக்கு ஒருத்தி கிடைத்தாளே என்று. சீ, என்ன ஜென்மமோ நான். அவளும் மறுபடி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இரண்டு பேரும் மிளகு பறிக்கப் போனோம்.

மிளகு பறிப்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையில் மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிக்கொண்டு உச்சிவரை ஏறியிருக்கும். அதைப் பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. பக்கக் கிளைகளைச் சாண் நீளம் விட்டு வெட்டியிருப்பார்கள், அதுதான் கால் வைக்கிற படி. ஒருத்தி ஏறுவாள், ஒருத்தி கீழே பிடிப்பாள். மேலே போனவள் மூங்கிலை மரத்தோடு கயிற்றால் கட்டிவிட்டால், கீழே இருக்கிறவள் கையை எடுத்துவிட்டு உதிர்ந்த மணியைப் பொறுக்கலாம். ஏணியை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோக, இறங்கும்போது கயிற்றை அவிழ்க்க வேண்டும். அதற்கு முன்னால் மேலே இருக்கிறவள் "அவுக்கறேன்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். கீழே இருக்கிறவள் ஓடிவந்து ஏணியைப் பிடித்து, "புடிச்சிட்டேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் கயிற்றில் கை வைக்கக் கூடாது. நடக்கப் பழகுவது மாதிரி சின்ன வயதிலேயே இது வாயில் பழகிவிடும். எங்கள் ஜோடியில் ஏறுவது நான், பிடிப்பது அவள்.

பத்தொன்பது வயதில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை எங்கள் ஆட்கள்தான், கீழே பேளுக்குறிச்சிப் பக்கம் இறங்கிக் குடியேறியவர்கள். சொந்தமாக லாரி, மாடி வைத்த மெத்தை வீடு, வாசலிலேயே பஸ். ஊரே வாயைப் பிளந்தது. கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது நான் ஏணியிலிருந்து விழுந்தேன்.

அன்றைக்குக் காலையில் களி தின்றது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்த ஞாபகம் ஆஸ்பத்திரியில் தலைக்கு மேலே சுற்றிய ஃபேன். நடுவில் எதுவும் இல்லை, துடைத்துவிட்ட மாதிரி. எழுபது கொண்டை ஊசி வளைவும் ஜீப்பில் என்னை மடியில் போட்டுப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள்தான் என்றார்கள். கண்ணைத் திறந்தபோது கட்டிலின் ஒரு பக்கம் அவள் நின்றாள், மறுபக்கம் அப்பா. "எப்படிடி விழுந்தேன்?" என்று கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ சத்தம் குடுக்காம அவுத்துட்ட புள்ள" என்றாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டு என்னைத் திட்டினார். நானும் என்னைத் திட்டிக்கொண்டேன்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. இனி ஒரு கால் கட்டையாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒரு சீப்புப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதமே அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம். அந்தச் செய்தி வந்த அன்று நான் ஓவென்று அழுதேன். கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அவள் கையிலிருந்து டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது.

"நெசமாத்தான் அழுவறயா?" என்று கேட்டாள்.

"பின்ன என்ன, பொய்யாவாடி அழுவாங்க? போச்சே, என்ற வாழ்க்கையே போச்சே!"

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பாவம், எனக்காக எவ்வளவு வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மாதம் என்னைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். மலஜலம் எடுத்தாள், தலைக்கு ஊற்றிவிட்டாள், தோளில் சாய்த்து நடக்க வைத்தாள். அந்த நாட்களில் ஒரு தரம், "நீயும் கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டீன்னா எனக்கு யாருடி இருக்கா? போவாத" என்றேன். ஆவட்டும் என்றாள். அவளைப் பெண் கேட்டு நாலு இடத்திலிருந்து வந்தார்கள். நாலு பேரையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். அவள் அண்ணன் கத்தினான், அடித்தான், கடைசியில் சலித்துப்போய் விட்டுவிட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றரை வருஷத்தில் ஒரு கொத்தனாரைக் கட்டிக்கொண்டேன். செம்மேட்டில் ஒரு தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தேன், பெண்ணைப் பெற்றேன். நான் சொன்ன வார்த்தையை நான் மறந்தே போனேன். அவள் மறக்கவில்லை.

என் மகளுக்கு அவள் அத்தை. இடுப்பில் தூக்கி வளர்த்ததும், ஏணி ஏறக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். நான் மகளுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு புலம்பலை மட்டும். "அன்னைக்கு மட்டும் நான் விழாம இருந்திருந்தா மெத்தை ஊட்டுல இருந்திருப்பேன். விழுந்தேன், கல்யாணம் நின்னு போச்சு, எல்லாம் போச்சு." சோறு போடும்போதும் சொல்வேன், தலை பின்னும்போதும் சொல்வேன். சிநேகிதி பக்கத்தில் உட்கார்ந்து பலாச்சுளை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். இருபத்து மூன்று வருஷம் கேட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகளுக்கு இருபத்தொரு வயது. கீழே போய் டிகிரி முடித்துவிட்டு வந்திருந்தாள். பி.எட். படிக்கிறேன் என்றாள். நான் பேளுக்குறிச்சியிலேயே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டேன், எனக்குக் கிடைக்காதது அவளுக்காவது கிடைக்கட்டும் என்று. வேண்டாம் என்றாள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அடக்கினேன். பங்குனியில் கல்யாணம். மாசியில் மிளகுப் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது, மலையில் வேறு கோடியில் இருக்கிற திண்ணனூர் நாட்டில் வாழ்க்கைப்பட்ட ஓர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் விழுந்த காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் பறித்தவள். அந்த வாரமே கல்யாணமாகிப் போனவளோடு அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் உட்கார்ந்து பேசுகிறேன்.

"கல்யாணப் பொண்ணு எங்க, காணோம்?" என்றாள்.

"மொளகு பறிக்கப் போயிருக்கா. அவ அத்தைதான் கூட" என்று சிநேகிதியின் பெயரைச் சொன்னேன்.

வெற்றிலை மடித்த அக்காவின் கை நின்றது. "அவகூடயா அனுப்பிச்ச? உன்னையே கைவிட்டவ. அந்தப் புள்ளைய அவள நம்பி அனுப்பறயே சாமி."

"அய்யோ அக்கா, அவ என்ன பண்ணுவா? நான்தான் சத்தம் குடுக்காம அவுத்துட்டேன்."

"யாரு சொன்னா? நான் அடுத்த தோட்டத்துல நின்னுட்டிருந்தேன். அவுக்கறேன்னு நீ கத்துன. புடிச்சிட்டேன்னு அவ பதில் சொன்னா. ரெண்டும் என்ற காதுல கேட்டுது. அடுத்த நிமிசம் நீ கல்லு மேல கெடந்த. உனக்குத் தெரியும்னுதான இத்தன வருசமா நெனச்சுட்டிருந்தேன்!"

புடிச்சிட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிடிக்காமல் நின்றிருக்கிறாள். எதற்கு? நான் அவளை விட்டுவிட்டுக் கீழே போய்விடக் கூடாது என்று. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? என் இடுப்பை உடைத்து, என் மெத்தை வீட்டைப் பறித்து, பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊற்றியிருக்கிறாள் பாவி. இப்போது என் மகளும் அதே ஊருக்குப் போகப் போகிறாள். அந்த மகள் இந்த நிமிஷம் அவள் பிடித்த ஏணியின் உச்சியில் நிற்கிறாள்.

செருப்பு போடவில்லை. கைத்தடியும் எடுக்கவில்லை. தோட்டம் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு மேடு ஏறிப் போக வேண்டும். கட்டைக் காலை இழுத்துக்கொண்டு, காப்பிச் செடியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். இரண்டு இடத்தில் விழுந்தேன். மகள் பெயரைக் கத்தினேன், மேட்டுக்கு அந்தப் பக்கம் எட்டவில்லை. பின்னாலேயே அந்த அக்கா ஐயோ ஐயோ என்று வந்தாள். மேட்டைத் தாண்டியதும் என் மகளின் குரல் கேட்டது.

"அத்தே, அவுக்கறேன்!"

பதில் இல்லை.

"அத்தே! எத்தன தடவ கத்தறது? அவுக்கறேன்!"

பதில் இல்லை. நான் போய்ப் பார்க்கும்போது அவள் இரண்டு கையாலும் மூங்கிலைக் கட்டிப் பிடித்து, நெற்றியை அதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் பாய்ந்து அவளைத் தள்ளிவிட்டு ஏணியைப் பிடித்தேன். தள்ளிய பிறகும் அவள் கை மூங்கிலை விடவில்லை.

"அவுக்காத கண்ணு! கட்டு அப்படியே கெடக்கட்டும், எறங்கி வா!" என்று மேலே பார்த்துக் கத்தினேன். பிறகு அவளிடம் திரும்பினேன். "கொலகாரி. என்னைக் கொன்னது பத்தாதா? அன்னைக்குப் புடிச்சிட்டேன்னு சொல்லிட்டுத்தான கைய விட்ட? சொல்லு!"

"ஆமா" என்றாள்.

அவ்வளவு சுலபமாகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேட்டில் நின்ற அக்கா அதைக் கேட்டு வாயில் அடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடினாள். கீழே போய் என்ன சொல்வாள் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

"ஏண்டி விட்ட?"

"நீ விடச் சொன்ன."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மெதுவாகத்தான் பேசினாள். "தோட்டத்துக்கு வர்ற வழியில சொன்ன. நிச்சயத்தன்னைக்கு மாப்பிள்ள உங்கூட்டு நாய எட்டி ஒதச்சான்ன. அது கத்திட்டே கெடந்துதுன்ன. அந்தக் காலு நாளைக்கு என்ற மேலதான் வரும், அப்பங்கிட்டச் சொன்னா வெட்டிப் போடுவாரு, நான் ஏணியில இருந்து அவுக்கறப்ப நீ கைய விட்டுரு, காலு ஒடஞ்சா கல்யாணம் நின்னுரும்ன. யாரு கேட்டாலும் நான் சத்தம் குடுக்கலன்னு சொல்லிரு, உம்மேல பழி வரக்கூடாதுன்ன. சத்தமில்லாமத்தான் அவுக்கறதாப் பேச்சு. பழக்கத்துல நீ கத்திட்ட. பழக்கத்துல நானும் பதில் சொல்லிட்டேன். அப்புறம்தான் கைய எடுத்தேன். ரெண்டாள் ஒசரத்துல இருந்து விழறேன்னு சொன்ன. அதுக்கு மேல ஏறிட்ட. அதுதான்."

காலையில் களி தின்றதற்குப் பிறகு எனக்கு எதுவும் ஞாபகமில்லை என்று சொன்னேனே, இன்றைக்கும் இல்லைதான். ஆனால் அந்த நாயை எனக்குத் தெரியும். வாசல்படியில் அவன் அதை உதைத்ததும், அது அடுப்படி மூலையில் போய் முனகியதும் எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை. இவளிடம் சொல்லாமல் இவளுக்குத் தெரிய வழியே இல்லை. போதாததற்கு, அவள் சொந்தமாக ஒரு பொய் சொல்லி நான் கேட்டதே கிடையாது. அவள் வாழ்க்கையில் சொன்ன பொய்யெல்லாம் நான் சொல்லிக் கொடுத்த பொய்.

"ஆஸ்பத்திரியில என்ன ஆச்சுன்னு கேட்டேனே, அப்ப சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்கப்பன் நின்னாரு. அவருக்காக நடிக்கறேன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாளு அவனுக்குக் கல்யாணம்னு அழுதயே, அன்னைக்குத்தான் உனக்கு நெசமாவே மறந்துபோச்சுன்னு தெரிஞ்சுது."

"அதுக்கப்புறமாச்சும் சொல்றதுக்கென்னடி? இருபத்து மூணு வருசம்!"

"யாருகிட்டயும் சொல்லாதன்ன. எங்கிட்ட மட்டும் சொல்லலாம்னு நீ சொல்லலயே."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதற்குள் மகள் இறங்கி வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அழ ஆரம்பித்தபோதுதான் எனக்கு அடுத்த இடி விழுந்தது.

"இவ என்ன கேட்டா?" என்றேன் சிநேகிதியிடம்.

"நீ கேட்டதத்தான்" என்றாள். "காத்தாலயே கேட்டுட்டா. உன்ற புள்ளயாச்சே, மாட்டேன்னு சொல்ல வாய் வரல. ஆவட்டும்னு சொல்லவும் வரல. பதில் குடுக்காட்டி, பழக்கத்துல அவளும் அவுக்கமாட்டாளே. அதான் வாய மூடிட்டு நின்னுட்டேன்."

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. விழுந்தால் கல்யாணம் நிற்கும் என்று என் மகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான்தான், தினமும் சோறு போடும்போது.

அந்தச் சாயங்காலமே பேளுக்குறிச்சிக்குப் போன் போட்டு, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னை என்னவெல்லாமோ பேசினார்கள், கேட்டுக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம், தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது நான் பேசிய பேச்சில்தான். அத்தனையும் கேட்ட பிறகும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்தப் புள்ள கேட்டதும் வெளிய தெரியக்கூடாது, நான் கேட்டதும் தெரியக்கூடாது. தெரிஞ்சா இவள யாரு கட்டுவா? யாருகிட்டயும் சொல்லிறாத" என்றேன்.

"ஆவட்டும்" என்றாள்.

நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் அக்கா ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். புடிச்சிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கையை விட்டவள், அவளே ஒத்துக்கொண்டாள், இப்போது மகளையும் கொல்லப் பார்த்தாள், அதனால்தான் கல்யாணமும் நின்றது என்று அடுத்த நாளைக்குள் கதை கை கால் முளைத்து நடந்தது. எங்கள் மலையில் திருடினால்கூட மன்னிப்பார்கள். புடிச்சிட்டேன் என்ற வார்த்தையில் பொய் சொன்னவளை மன்னிக்கமாட்டார்கள். அந்த வாரத்திலிருந்து அவளை ஒரு தோட்டத்துக்கும் கூப்பிடவில்லை. அவள் எதிரே வந்தால் பெண்கள் குழந்தையை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அவள் ஒருத்தரிடமும் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லாதே என்றிருக்கிறேனே.

நான் சொல்லியிருக்கலாம். மகளுக்காக மறைக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மகள் பி.எட். முடித்து அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டாள். "எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா, சொல்லிரு" என்று பத்து தரம் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு என்ன சாக்கு? ஒன்றும் இல்லை. சிநேகிதி கையை விட்டதால் நொண்டியானவள் என்று ஊர் என்மேல் காட்டிய இரக்கம் எனக்குச் சுகமாக இருந்தது. அதுதான் உண்மை.

போன வருஷம் பேளுக்குறிச்சிச் சந்தையில் அவளைப் பார்த்தேன். அண்ணன் வீட்டோடு புளியஞ்சோலைப் பக்கம் போய் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாக்கை விரித்து நெல்லிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, விலை கேட்டுக்கொண்டிருந்தவரிடம், "இவகிட்ட வாங்காதீங்க, இது கொலகாரக் கை" என்றாள் சத்தமாக. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. தக்காளிக் கடையில் நின்ற என்னைப் பார்த்தாள். கோபமில்லை, கெஞ்சலுமில்லை. நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்தாள், அவ்வளவுதான். நான் தக்காளியைப் பொறுக்க ஆரம்பித்தேன். நிமிர்ந்தபோது சாக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

ஐப்பசியில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்ச் சேர்ந்தாள். உடம்பை மலைக்குக் கொண்டுவந்தார்கள். நான் அவள் காலடியில் விழுந்து அழுதேன், நடிப்பில்லாமல், நெஞ்சு வெடிக்க அழுதேன். அந்த அகலக் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றேன். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:

"தன்னையே தள்ளி விட்டவளுக்கு எப்படி அழுவுறா பாருங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு கிழவி என் தலையைத் தடவிக் கொடுத்தாள். மகள் குனிந்து என் காதில், "இப்பவாச்சும் சொல்லும்மா" என்றாள். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். அதன் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கையை விடச் சொன்னது நான். அவள் விட்டாள். சொல்லாதே என்றதும் நான். அவள் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது எங்கள் மலைக்கு வந்து, அங்கே அந்தக் கதையை யாராவது உங்களிடம் சொன்னால், அப்படியில்லை என்று நீங்களாவது சொல்லுங்கள். எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.